இணைய வேகம் எங்கே போகிறது?

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காப்பி குடிக்கும் நேரத்தில், இப்போதெல்லாம் அன்பர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான். “சார், வீட்டுல வைஃபை ரொம்ப ஸ்லோ. 100-லிருந்து 200 பிளானுக்கு மாத்திடட்டுமா?” தொலைபேசித் துறையில் காலம் தள்ளியவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள். என் பதிலும் ஒன்றேதான்: மாற்றாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள்.

நீங்கள் மாதாமாதம் பணம் கட்டி வாங்கும் வேகம் ரவுட்டர் வரைக்கும்தான் வருகிறது. அதற்கப்பால் அது உங்கள் வீட்டுச் சுவர்களையும் பீரோக்களையும் தாண்டிக் காற்றில் போக வேண்டும். எனவே வேகம் இரண்டு இடங்களில் தொலையலாம்: வெளியிலிருந்து வரும் கம்பியில், அல்லது வீட்டுக்குள்ளே காற்றில். பெரிய பிளான் காற்றில் தொலைவதை மீட்டுத் தராது.

அளப்பது சுலபம். மடிக்கணினியை லேன் கேபிளால் ரவுட்டரோடு நேரடியாக இணைத்து, வீட்டிலுள்ள மற்ற போன்களின் வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு வேகச் சோதனையை ஓட்டுங்கள். கேபிள் சொருக வசதியில்லை என்றால் ஒரு நல்ல போனை ரவுட்டருக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தாலும் ஓரளவு தெரியும். 100 மெகாபிட் பிளானுக்கு 90-க்கு மேல் காட்டினால் கம்பியில் குற்றமில்லை. (சினிமா இறக்கும்போது 12 என்று காட்டுகிறதே என்று சண்டைக்குப் போக வேண்டாம். அது மெகாபைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தது ஒரு பைட்; 100-ஐ 8-ஆல் வகுத்தால் பன்னிரண்டரைதான்.)

செம்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். மாமியார் பட்டுக்கோட்டையில் தனியாக இருக்கிறார். காது அநேகமாகக் கேட்காது. உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வார். இரவு எட்டு மணிக்குப் பேரனோடு வீடியோவில் பேசுவது அவருக்கு அன்றைய நாளின் பெரிய காரியம். படம் உறைந்து நின்றால் அந்த அம்மாளுக்குப் பேச்சே நின்று போனதாகத்தான் அர்த்தம். இவர்களும் 40-லிருந்து 100, பிறகு 200 என்று பிளானை ஏற்றிப் பார்த்தார்கள். படம் உறைவது மட்டும் நிற்கவில்லை.

போய் அளந்தேன். ரவுட்டர் அருகே 190. படுக்கையறையில் 6! ரவுட்டர் இருந்த இடம் டி.வி. ஷோகேஸின் அடித்தட்டு, பக்கத்திலேயே இரும்பு பீரோ. ஷோகேஸ் அழகாகத்தான் இருந்தது. ஆனால் உலோகம் அலைகளைத் திருப்பி அனுப்பிவிடும், கம்பி கட்டிய கான்கிரீட் சுவர் பெரும்பகுதியை விழுங்கிவிடும். முகம் பார்க்கும் கண்ணாடி, மீன் தொட்டி ஆகியவையும் நல்ல தடுப்புகளே.

இன்னொரு தொல்லை அக்கம்பக்கம். போனில் பார்த்தால் அந்த ஒரு அறைக்குள்ளேயே அண்டை வீட்டார் வைஃபைகள் 31 தெரிந்தன. மும்பை அடுக்ககங்களில் இது சகஜம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடொன்று இடிக்காத பாதைகள் மூன்றே, 1, 6, 11 என்பவை. முப்பது வீடுகளும் அந்த மூன்று சந்துகளில்தான் முண்டியடிக்கின்றன. போதாக்குறைக்கு மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. இரவு எட்டு மணிக்கு எத்தனை வீட்டில் சாப்பாடு சூடாகும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். ஒற்றை ஆன்டெனா உள்ள மலிவான போனுக்கு இந்த அலைவரிசையில் ஏட்டளவிலேயே 72 மெகாபிட்தான். நடைமுறையில் கிடைப்பது அதில் பாதி. பிளான் 200 ஆனால் என்ன, 500 ஆனால் என்ன?

5 கிகாஹெர்ட்ஸில் பாதைகள் நிறைய, நெரிசல் குறைவு. ஆனால் அது சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும் ஜாதி. ஆகவே ரவுட்டரை நடுக் கூடத்தில், தலைக்கு மேல் உயரத்தில், திறந்த இடத்தில் வைக்க வேண்டும். அவர்கள் வீட்டில் அப்படி மாற்றி, இரண்டு அலைவரிசைக்கும் வெவ்வேறு பெயர் கொடுத்து, போனை 5-இல் இணைத்தோம். படுக்கையறையில் 80 வந்தது.

அப்படியும் படம் சில நாள் தடுமாறியது. அழைப்புக்கு இரண்டு முனை உண்டல்லவா? பட்டுக்கோட்டையில் அந்த அம்மாள் உள்ளறையில் உட்கார்ந்து மொபைல் டேட்டாவில் பேசிக்கொண்டிருந்தார். திண்ணைப் பக்கத்து ஜன்னலருகே நாற்காலியைப் போடச் சொன்னோம், சரியாயிற்று. ஒரு வீடியோ அழைப்புக்கு 2, 3 மெகாபிட் நிலையாகக் கிடைத்தாலே போதும். பிளானை மறுபடி 40-க்கு இறக்கிவிட்டார்கள்.

கடைசி அறை எட்டவே இல்லையென்றால் பலர் மலிவான ரிப்பீட்டர் வாங்குகிறார்கள். அது ஒரே வாயால் கேட்டு அதே வாயால் சொல்வதால் வேகம் பாதியாகிவிடும். கொஞ்சம் சிரமப்பட்டாலும் லேன் கேபிள் இழுத்து அங்கே இரண்டாவது ரவுட்டர் வைப்பதே மேல். வாடகை வீட்டில் துளை போட முடியாதவர்கள் தட்டைக் கேபிளைச் சுவரோரமாக ஒட்டிக்கொள்ளலாம்.

கேபிளில் அளந்தபோதே வேகம் குறைந்தால் கதை வேறு. 200 பிளானில் 95-க்கு மேல் ஏறவே மாட்டேன் என்றால், ரவுட்டரின் துளையோ கேபிளோ 100-க்கு மட்டுமே தகுந்தது என்று கொள்ளலாம். மாதக் கடைசியில் மட்டும் மந்தமா? டேட்டா வரம்பு தீர்ந்திருக்கும். கண்ணாடி இழை சோபா காலில் நசுங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். சிவப்பு விளக்கு எரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பழுது பார்க்க வரும் பையனிடம், “பையா, வயர் லகாகே ஸ்பீட் தேகோ, பவர் கித்னா ஆ ரஹா ஹை?” என்று கேளுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் தனியாக வீட்டிலிருந்தால், இதை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். அவன் சொல்லும் எண் மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27-க்கும் கீழே போனால் இழையில் பழுது. அவர்கள்தான் சரிசெய்ய வேண்டும். காலை, இரவு என இரு வேளையும் அளந்த கணக்கோடு புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். டிராயின் 2012-ஆம் ஆண்டு விதிப்படி எண் தருவது நிறுவனத்தின் கடமை. தீராவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அதற்கும் அந்த எண்தான் வேண்டும். காலண்டரிலேயே குறித்து வையுங்கள்.