காம்பைப் பொத்திப் பிடிக்கும் மருந்து

பெசன்ட் நகர் அஷ்டலட்சுமி கோயில் பக்கம் போனால், மல்லிகை தொடுக்கும் விரல்களைப் பார்த்தபடி நின்றுவிடுவேன். இந்தப் பக்கம் இரண்டு பூ, அந்தப் பக்கம் இரண்டு பூ, காம்புகளைச் சேர்த்து நாரால் ஒரு சுருக்கு. அந்தக் காம்புகளை யாராவது உள்ளங்கையில் பொத்திக்கொண்டால்? விரலும் இருக்கும், நாரும் இருக்கும்; முடிச்சு விழாது.

வான்கோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவிடம் செய்வது இதைத்தான்.

ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற பாக்டீரியாவின் செல் சுவர், சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சரங்களால் ஆனது. சரத்திலிருந்து குட்டையான பெப்டைடுகள் நீட்டிக்கொண்டிருக்கும். வேதியியலாளர்களும் அவற்றைக் காம்பு என்றே சொல்கிறார்கள். பக்கத்துப் பக்கத்துக் காம்புகளை ஒரு நொதி முடிந்து முடிந்து வலையாக்குகிறது. செல்லுக்குள் அழுத்தம் ஏறக்குறைய 20 வளிமண்டலம். வலை தளர்ந்தால் செல் வெடித்துவிடும்.

பெனிசிலின் அந்த நொதியை முடக்குகிறது, அதாவது விரல்களைக் கட்டிப்போடுகிறது. வான்கோமைசின் காம்பையே பிடிக்கிறது. காம்பு நுனியில் டி-அலனைன் என்ற அமினோ அமிலம் இரண்டு இருக்கும். கிண்ணம்போல் குழிந்த வான்கோமைசின் அவற்றை ஐந்து ஹைட்ரஜன் பிணைப்புகளால் கவ்விக்கொள்கிறது. நம் புரதங்களில் இருப்பவை இடக்கை வடிவ அமினோ அமிலங்கள். டி-அலனைனோ வலக்கை வடிவம். அதனால் அந்தக் கிண்ணத்தில் உட்காரும் நுனி நம் புரதங்களில் இல்லை.

காம்பு போன்ற பெப்டைடுச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும் என்பதற்கு வரைபடம் போட்டவர்கள் நம் ஊர்க்காரர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் 1963இல் வெளியிட்டது அது. இடக்கை வகைக்கு வரைந்த படத்தைத் தலைகீழாகப் பிடித்தால் வலக்கை வகைக்கான படம் கிடைத்துவிடும். பெசன்ட் நகரிலிருந்து சில கிலோமீட்டரில் இப்படியொரு கண்டுபிடிப்பு நடந்தது என்பது எனக்கு இன்னும் தீராத வியப்பு.

வான்கோமைசின் 1958இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதன் பிடி தளரவில்லை. நொதியை மாற்றிக்கொள்வது பாக்டீரியாவுக்கு எளிது. பூவின் காம்பையே மாற்றுவது பெரும்பாடு. 1980களின் இறுதியில் இங்கிலாந்திலும் பிரான்சிலும் என்டரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதையும் செய்துகாட்டியது. நுனியிலிருந்த டி-அலனைனுக்குப் பதில் டி-லாக்டேட்டை வைத்தது. நைட்ரஜனும் அதன் ஹைட்ரஜனும் இருந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன், அவ்வளவுதான். ஒரு பிணைப்பு போயிற்று. அங்கே வந்த ஆக்சிஜன் மருந்தின் ஆக்சிஜனைத் தள்ளவும் செய்கிறது. பிடிப்பு ஆயிரம் மடங்கு குறைந்துவிட்டது.

இப்படி மருந்துகள் ஒவ்வொன்றாகக் கைநழுவுவதைக் கண்டுதான் 2012 ஆகஸ்டில் இந்திய மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. மருத்துவர் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் விற்பதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அதன் கோரிக்கைகளில் ஒன்று.

இன்னொரு பக்கம், பெங்களூரு ஜக்கூரில் ஜயந்த ஹால்தாரின் ஆய்வுக்குழு வான்கோமைசினுக்கே கொழுப்பு வாலும் நேர்மின்னேற்றமும் சேர்த்துப் பார்த்தது. காம்பு மாறிப்போன பாக்டீரியாவையும் அந்த மூலக்கூறு விடுவதில்லை. சுவருக்கு அடியிலுள்ள சவ்வையே குலைக்கிறது.