அரங்குளத்து ஆட்டமும் அக்கரைச் செம்பும்

திருவரங்குளத்தின் பேர்பெற்ற செப்பு நடராசர் இப்போது ஊரில் இல்லை. டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் ஆடிக்கொண்டிருக்கிறார்! ஆட்டமும் லேசுப்பட்டதா? தூக்கிய திருவடி கிடையாது. முழங்கால்களை மடக்கி, முயலகன் மேல் சதுர தாண்டவம். சோழர் திருமேனிகளில் இந்தக் கோலம் அபூர்வம்.

வாருங்கள், திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம். சோழநாட்டு வயலில் நெல் விளையும், செம்பு விளையுமா? ஊர் ஊராக இத்தனை சாமி வார்க்க உலோகம் ஏது? கலை வரலாற்றறிஞர் வித்யா தெஹேஜியா கைகாட்டும் இடம் கடலுக்கு அந்தப் பக்கம்: திருகோணமலை மாவட்டத்துச் சேருவில. செம்புத் தாது உள்ள மண் அது. அக்கரைத் தாது, இக்கரைப் பட்டறை! படிக்கும்போதே எனக்குச் சிலிர்த்துவிட்டது.

பட்டறைக்குள் நுழைந்தால் இன்னும் கொண்டாட்டம். தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் குழைத்து, நகக்கண் வரைக்கும் மெழுகிலேயே உருப் பிடிப்பார்கள். மேலே காவிரி வண்டல் பூச்சு. காய்ந்ததும் சூடேற்றினால் மெழுகு உருகி ஓடிவிடும். அந்த இடத்தில் கொதிக்கும் உலோகக் குழம்பு இறங்கும். மண்ணை உடைத்தால்தான் சாமி வெளியே வருவார். அதனால் ஓர் அச்சுக்கு ஒரே ஒரு சாமி! சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான்.

இந்தச் சாமிகள் அக்கரையிலும் இருக்கிறார்கள். சோழர்கள் ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டு ஆண்ட பொலன்னறுவையில், 1907-08இல் சிவன் கோயில் இடிபாடுகளைத் தோண்டியபோது செப்பு நடராசர் கிடைத்தார். அங்கே கிடைத்த காரைக்கால் அம்மையாரைப் பார்க்க வேண்டுமே! எலும்பும் தோலுமாக உட்கார்ந்து, தாளம் போட்டுக்கொண்டே பரவசத்தில் இருக்கிறார். கொழும்பு அருங்காட்சியகத்தின் இந்தச் செல்வங்களுக்காக ஆனந்த குமாரசாமி 1914இல் ஒரு நூலே எழுதினார்.

இவை இங்கிருந்து கப்பலேறியவை என்று ஒரு கட்சி, அங்கேயே வார்த்தவை என்று இன்னொரு கட்சி. உளியும் மெழுகுமாக ஸ்தபதிகளே தோணி ஏறியிருப்பார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

இன்றைக்கு வார்த்த சாமி கடல் தாண்டவும் ஒரு சடங்கு உண்டு. நூறு வயதைக் கடந்த சிலையைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. ஆகவே பளபளவென்று மெருகேறி நிற்கும் புதுச் சாமிக்கும், ‘இது தொல்பொருள் அல்ல’ என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்க வேண்டும். அந்தக் காகிதம் கைக்கு வந்த பிறகுதான் மரப்பெட்டிக்கு ஆணி!