கண்ணாடி காப்பாற்றாது
நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியை வாங்கியவுடன் நிம்மதி வந்துவிடுகிறது. பாதுகாப்பு வந்துவிடுவதில்லை.

2021 ஜூன் கடைசி வாரத்தில் பல நாடுகளிலிருந்தும் ஒரே மாதிரி புலம்பல். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' பெட்டியில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த குடும்பப் படங்களும் அலுவலகக் கோப்புகளும் மாயம். பெட்டி கெட்டுப்போகவில்லை, விளக்குகூட ஒழுங்காக எரிந்தது. யாரோ ஒருவர் இன்டர்நெட் வழியே 'எல்லாவற்றையும் அழித்து, புதிதாக வந்த நிலைக்குத் திரும்பு' என்று உத்தரவிட, பெட்டி கீழ்ப்படிந்துவிட்டது. அந்த உத்தரவுக்கு முன் பாஸ்வேர்டு கேட்க வேண்டிய வரிகள் அதன் மென்பொருளில் முடக்கப்பட்டிருந்தது பிறகு தெரியவந்தது. 2015-க்குப் பின் அந்த மாடலுக்கு நிறுவனம் மென்பொருள் திருத்தம் எதையும் வெளியிட்டிருக்கவில்லை.

'நாஸ்' எனப்படும் இந்த வகைப் பெட்டிகள் இன்று ஆடிட்டர் அலுவலகம், கல்யாண போட்டோ ஸ்டூடியோ, கிளினிக் என்று எங்கும் நுழைந்துவிட்டன. உள்ளே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகள்; அலுவலகத்தின் எல்லா கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவான ஓர் அலமாரி. விற்பவர் தவறாமல் சொல்லும் வார்த்தை 'ரெய்டு'. பயப்பட வேண்டாம், வருமான வரித் துறை வருவதில்லை. ஒரு டிஸ்க்கில் எழுதுவது அப்படியே இன்னொன்றிலும் பதியும் ஏற்பாடு அது. ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும்.

சிக்கலும் அங்கேதான். கண்ணாடிக்கு நல்லது கெட்டது தெரியாது. ஊழியர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், அடுத்த நொடியே இரண்டாவது டிஸ்க்கிலும் அது அழிந்துவிடும். திருடன் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனால் இரண்டும் சேர்ந்தே போகும். தீயும் வெள்ளமும் அப்படியே. டிஸ்க் பழுதுக்கு மட்டுமே ரெய்டு மருந்து.

பூட்டிவிட்டுப் பணம் கேட்பவர்களுக்கும் இந்தப் பெட்டிகள் நல்ல வேட்டை. 2021 ஏப்ரலில் தைவானின் கியூநாப் பெட்டிகளுக்குள் புகுந்த 'கியூலாக்கர்' கும்பல், எவரும் இலவசமாகப் பயன்படுத்தும் செவன்-ஜிப் மென்பொருளைக் கொண்டே கோப்புகளைப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியது. கேட்ட தொகை 0.01 பிட்காயின். 2022 ஜனவரியில் வந்த 'டெட்போல்ட்' கேட்டது 0.03. அந்த ஆண்டு அக்டோபரில் நெதர்லாந்து போலீசார் பணம் செலுத்துவதுபோல் செலுத்தி, சாவியை வாங்கிக்கொண்டு, பணத்தைத் திரும்ப இழுத்துக்கொண்டனர். இப்படி 150-க்கும் மேற்பட்ட சாவிகள் கிடைத்தன. எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்காது.

அமைப்பு எவ்வளவு பெரிதானாலும் பாடம் மாறுவதில்லை. 2022 நவம்பர் 23 அன்று டில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இதே பாணியில் பூட்டப்பட்டன. நோயாளிப் பதிவு முதல் பரிசோதனை முடிவு வரை சுமார் இரண்டு வாரம் காகிதத்திலும் பேனாவிலும் ஓடின. ஐந்து சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இ-ஹாஸ்பிடல் தகவல்களை மீட்டுத் தந்தது எது? தாக்குதலுக்குத் தப்பிய ஒரு பேக்கப் சர்வர்.

அனுபவசாலிகள் சொல்லும் 3-2-1 கணக்கு இதிலிருந்து பிறப்பதே. தகவலுக்கு மூன்று பிரதிகள். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில். ஒன்று வேறு இடத்தில். சிறிய அலுவலகத்துக்கு இது எட்டாத செலவல்ல. இரண்டு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்குகளை மாற்றி மாற்றி வாரம் ஒருமுறை நகலெடுக்கலாம். நகல் முடிந்ததும் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். ஒன்று எப்போதும் வீட்டில் இருக்க வேண்டும். கழற்றி வைத்த டிஸ்க்கை எந்த ஹேக்கராலும் தொட முடியாது. வெளியூர்ப் பிரதிக்குக் கிளவுட் சேவையும் உண்டு.

பெட்டியிலும் சில வேலைகள் பாக்கி. வெளியிலிருந்து நேராக உள்ளே வர ரூட்டரில் திறந்துவைத்த வழிகளை மூட வேண்டும். வெளியூரிலிருந்து கோப்பு தேவையென்றால் விபிஎன் வழியே வருவது உத்தமம். 'அட்மின்' என்ற பெயரிலேயே கிடக்கும் கணக்கை முடக்கி வேறு பெயரில் ஒன்றைத் தொடங்கி, இரட்டைச் சரிபார்ப்பைப் போட வேண்டும். மென்பொருள் திருத்தங்களைத் தள்ளிப்போடக் கூடாது. திருத்தம் வருவது நின்றுபோன பழைய மாடலை இன்டர்நெட்டிலிருந்து பிரித்துவிட வேண்டும். கோப்புகளின் முந்தைய நிலையைக் குறித்துவைக்கும் 'ஸ்னாப்ஷாட்' வசதி, தவறி அழித்ததை மீட்க உதவும். ஆனால் அட்மின் பாஸ்வேர்டு பறிபோனால் அதையும் அழித்துவிட முடியும். மின்சாரம் திடீர் திடீரென்று போகும் ஊர்களில் ஒரு யுபிஎஸ் கட்டாயம்.

பலரும் கோட்டை விடுவது கடைசிக் கட்டத்தில். பேக்கப் எடுத்தாயிற்று என்ற நம்பிக்கையில் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. மாதம் ஒருமுறை நகலிலிருந்து பத்துக் கோப்புகளையாவது எடுத்து வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பிரதி. திறக்காவிட்டால், பறிகொடுத்த பிறகல்ல, இன்றே தெரிந்துகொள்வது நல்லது.