நெஞ்சுப் படபடப்பும் நோய் எதிர்ப்புச் சக்தியும்

சரக்கு விலை இறங்கினால் கவலை, கடன் நிலுவை வசூலாகாவிட்டால் கவலை, செக் திரும்பினால் கவலை என்று காலம் தள்ளுகிறோம். இக்கவலை உடலுக்குள் என்ன செய்கிறது என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது.

நமது சிறுநீரகங்களின் மேல் தொப்பி வைத்தாற்போல அட்ரினல் சுரப்பிகள் உள்ளன. ஆபத்து என்று மூளை உணர்ந்தவுடன் அவை அட்ரினலினை இரத்தத்தில் கலக்கின்றன. நெஞ்சு அடித்துக்கொள்ளும், மூச்சு வாங்கும், வியர்க்கும். அடுத்து கார்ட்டிசால் சுரந்து, இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஆபத்து நீங்கினால் எல்லாம் அடங்கிவிடும்.

கவலை மாதக்கணக்கில் நீடித்தால்தான் நஷ்டம். கார்ட்டிசாலுக்கு நோய் எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் குணம் உண்டு. மறதி நோய் கண்ட உறவினரைப் பராமரித்து வந்த பெண்களின் கையில் சிறு காயம் செய்து அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். மற்றவர்களைவிட அவர்களுக்குக் காயம் ஆற சுமார் 9 நாள் கூடுதலாயிற்று. இம்முடிவு 1995இல் வெளியானது.

திருடன் வராமலே கடையில் அபாய மணி அலறினால் எப்படியோ, அப்படிப்பட்டது பீதி நோய். காரணமின்றிச் சில நிமிடங்களில் படபடப்பு உச்சத்துக்குப் போய், உயிரே போவதாகத் தோன்றும். பின்பு தணிந்துவிடும். ஆனால் மறுபடி வருமோ என்ற அச்சத்தில் பஸ் ஏறவும், கொள்முதலுக்குப் போகவும் தயங்குவார்கள். அந்த அச்சமே நீடித்த கவலையாகிவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி குறைந்ததால்தான் பீதி நோய் வருகிறது என்று மட்டும் முடிவு கட்டிவிடக் கூடாது.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. மாரடைப்புக்கும் இதே அறிகுறிகள் உண்டு. ஆகவே நெஞ்சு அடைத்தால் "வெறும் பயம்தான்" என்றோ, வாயுத் தொல்லை என்றோ இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். இருதயத்தில் குறையில்லை என்று டாக்டர் சொன்ன பிறகும் படபடப்பு திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேச்சு வழிச் சிகிச்சையும் மாத்திரையும் இதற்குப் பயன் தருகின்றன. மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. காப்பி, டீ, புகையிலையைக் குறைப்பதும் நல்லது.

வெளியில் தெரிந்தால் கொடுக்கல் வாங்கல் கெடும் என்று மறைப்பவர்கள் நம்மில் உண்டு. இது கோழைத்தனமுமல்ல, பைத்தியமுமல்ல. நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் 2022இல் தொடங்கப்பட்ட 14416 என்ற அரசு மனநல உதவித் தொலைபேசியில் இலவசமாகப் பேசலாம்.