'அப்பொகலிப்சு' என்னுஞ் சொல்

உலகம் ஒருங்கே அழியும் பெருங்கேட்டை உணர்த்துதற்கு மேனாட்டார் இக்காலத்து வழங்குஞ் சொற்களுள் 'அப்பொகலிப்சு' என்பதும் ஒன்று. அணுக்குண்டுப் போராயினும் கொள்ளைநோயாயினும், அதனால் விளையும் பேரழிவு இப்பெயராற் சுட்டப்படுகின்றது. எனினும், இச்சொல்லின் மூலப்பொருள் அழிவன்று.

இது கிரேக்கச் சொல். 'கலுப்தெயின்' என்பது மூடுதலையும், 'அப்போ' என்னும் முன்னொட்டு நீக்கத்தையும் குறிக்கும். எனவே, மூடிய திரையை நீக்கிக் காட்டுதலே இதன் நேர்ப்பொருளாம். பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில், தமக்கு நற்செய்தி வெளிப்பட்ட வகையைக் கூறுமிடத்து இச்சொல்லையே ஆளுகின்றார். அவ்விடத்து உலக முடிவு பற்றிய பேச்சில்லை.

அங்ஙனமாயின், அழிவுப் பொருள் வந்தது எவ்வாறு? பத்மு தீவிலிருந்த யோவான் சின்னாசியாவின் ஏழு சபைகளுக்கு எழுதிய நூல், கி. பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்ததென்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அந்நூலின் முதற்சொல் இதுவே, அதுவே நூற்பெயருமாயிற்று. போர், பஞ்சம், நிலநடுக்கம் முதலிய காட்சிகள் அந்நூலில் நிறைந்திருத்தலின், நூலின் பெயர் நாளடைவில் அக்காட்சிகளுக்கும், பின்னர் எவ்வகைப் பேரழிவிற்கும் ஆகி வந்தது. தமிழிலக்கண நெறியில் இதனை ஆகுபெயர் எனலாம்.

1832 இல் செருமானிய அறிஞர் பிரீதரிக்கு லூக்கே இத்தகைய நூல்களை ஓர் இலக்கிய வகையாகத் தொகுத்தாராய்ந்தார். வானுலகத்தார் ஒருவர் மறைபொருளை மனிதர் ஒருவர்க்குக் காட்சி வாயிலாகப் புலப்படுத்துதல் இவ்வகையின் சிறப்பியல்பு. தானியேல் நூலின் காட்சிகள், செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கசு கி. மு. 167 அளவில் யூதரின் வழிபாட்டைத் தடைசெய்த கொடுமையைச் சார்ந்தெழுந்தவை என்பர். ஒடுக்குவோரின் அரசு நிலையாது என்னும் உண்மையைத் திறந்து காட்டி, துன்புற்றோரைத் தேற்றுதலே அவற்றின் நோக்கம். அழிவு அங்கே கொடுங்கோன்மையின் முடிவாகவே கூறப்படுகின்றது.

யோவானின் நூலுக்குத் தமிழில் வழங்கும் 'வெளிப்படுத்தின விசேஷம்', 'திருவெளிப்பாடு' என்னும் பெயர்கள் மூலப்பொருளை வழுவாது காத்துள்ளன. ஊழி, பிரளயம் என்பன யுக முடிவின் ஒடுக்கத்தையும் அதன்பின் நிகழும் மீள்தோற்றத்தையும் உட்கொண்டவை. ஆதலின் அவை இச்சொல்லுக்கு நேராகா. மூலப்பொருளை மறந்து அந்நூல்களைப் பயில்வோர்க்கு அச்சமே எஞ்சும். அதனை உணர்ந்து பயில்வோர்க்கு அவற்றின் ஆறுதலும் புலனாகும்.