உருகிய வெள்ளி ஏன் தெறிக்கிறது?

பழைய கொலுசும் அரத்தூளும் வெட்டுத்துண்டும் மூசையில் உருகி மறுபடி நகையாகும். ஆனால் வெறுமனே உருக்கினால் கெடும். ஏன்?

962 டிகிரி செல்சியஸில் உருகும் வெள்ளி, தன் கன அளவைப்போல் சுமார் 20 மடங்கு ஆக்சிஜனை உள்ளிழுத்துக்கொள்கிறது. உறையும்போது அதற்கு உள்ளே இடமில்லை. வாயு பீறிடுகிறது, உலோகம் தெறிக்கிறது, குமிழிகள் தங்கிவிடுகின்றன. அந்தக் கட்டியைத் தகடாக அடித்தால் விரிசல் விடும்.

இதைத் தடுக்கத்தான் வெண்காரம். கண்ணாடிபோல் மேலே படர்ந்து காற்றை மறைக்கிறது. கலப்புச் செம்பின் ஆக்சைடையும் கரைத்துக்கொள்கிறது. கரித்தூள் போடுவதும் ஆக்சிஜனை இழுக்கவே.

அரத்தூளிலுள்ள இரும்பை முதலில் காந்தத்தால் எடுத்துவிட வேண்டும். இரும்பைவிடக் கொடியது ஈயப் பற்று. சிறிதளவு கலந்தாலும் வெள்ளி நொறுங்கும். பற்றுவைத்த இடங்களைப் பொறுமையாக வெட்டி ஒதுக்குவதுதான், என் பார்வையில், பாதி வேலை. ஒதுக்கியதைச் சுத்திகரிப்புக்கு அனுப்பலாம்.