பாலைவனத்தில் ஒரு விமான நிலையம்: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

'போக்குவரத்து' என்றதும் கருத்தறிதல் பகுதிக்கு நாம் சாங்கி, கேஎல்ஐஏ என்றே தேடுகிறோம். மாணவர்களுக்கும் அலுத்துப் போச்சு. இந்தத் தடவை ஆஸ்திரேலியாவின் நட்டநடுவில் இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் விமான நிலையத்தை எடுத்துப் பாருங்களேன்.

வரைபடத்தைக் காட்டிவிட்டே தொடங்குங்கள். வடக்கே டார்வின், தெற்கே அடிலெய்ட். இரண்டுமே சாலை வழியாக ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். இடையில் பெரிய ஊர் என்று சொல்ல இது ஒன்றுதான். இங்கே விமானம் வசதிக்காக வந்ததல்ல, வேறு வழியில்லாமல் வந்தது. 1939இல் எட்டி கானலன் என்ற விமானி இங்கிருந்து தூரத்துப் பண்ணைகளுக்குத் தபால் கொண்டுபோகத் தொடங்கினார். அப்போது விமானத் திடல் ஊருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அவருடைய பழைய கொட்டகை இன்று விமான அருங்காட்சியகம். இப்போதைய நிலையம் ஊருக்குத் தெற்கே, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்தது. ஊரிலிருந்து ஏழு மைல் என்பதால் 'செவன் மைல்' என்றே அதற்குப் பெயர். 1942இல் டார்வின்மீது குண்டு விழுந்த பிறகு, வடக்கே போகும் படைகளுக்கு ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் முக்கியமான இடைத்தங்கல் ஆனது.

பயணிகள் சேவை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய நகரங்களுக்கு விமானம் உண்டு. உலுருவுக்கு அருகில் யுலாராவில் தனி நிலையம் இருக்கிறது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். உயிரோடு சம்பந்தப்பட்ட சேவை 'ராயல் ஃபிளையிங் டாக்டர்' சேவைதான். பண்ணையில் ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் ஆம்புலன்ஸ் வந்து சேர எத்தனை மணி நேரம் ஆகும்? அதனால் விமானமே ஆம்புலன்ஸ். மண் ஓடுதளத்திலும் இறங்கும். முன்பெல்லாம் ராத்திரியில் இறங்க வேண்டுமென்றால், பண்ணைக்காரர்கள் ஓடுதளத்தின் இருபக்கமும் மண்ணெண்ணெய் விளக்குகளை ஏற்றி வைத்துக் காத்திருப்பார்களாம். அந்த மருத்துவச் சேவையின் வானொலியைப் பயன்படுத்தித்தான் 1951இல் 'ஸ்கூல் ஆஃப் தி ஏர்' இங்கே தொடங்கியது. பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பிள்ளைகளுக்கு வானொலியில் பாடம்! ஜூமில் வகுப்பெடுத்துத் தொண்டை கட்டிய நமக்கு அந்த ஆசிரியர்களின் பாடு நன்றாகவே புரியும்.

இனி மாணவர்கள் நிமிர்ந்து உட்காரும் பகுதி. 2020 ஏப்ரலில், கோவிட் பரவலால் பறக்க முடியாத ஏ380 விமானங்கள் சிலவற்றைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் இங்கே அனுப்பி நிறுத்தியது. ஸ்கூட் விமானங்களும் போயின. சாங்கியில் இடமில்லையா என்று கேட்பார்கள். இடத்தைவிட ஈரம்தான் பிரச்சினை. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம். சும்மா நிற்கும் விமானத்தின் உலோகத்தையும் மின்கருவிகளையும் அது மெல்ல மெல்லக் கெடுத்துவிடும். பாலைவனக் காற்று வறண்டது. அங்கேயும் அப்படியே விட்டுவிடுவதில்லை. எஞ்சின் வாயை மூடி, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை உள்ளே வைத்து, சக்கரங்களை அவ்வப்போது உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

சொல்வளத்துக்கு ஒன்று. இந்த இடத்தில் மாணவர்கள் 'துரு' என்று எழுதுவார்கள். துரு இரும்புக்கு, விமான உடலில் அதிகம் இருப்பது அலுமினியம். 'அரிமானம்' என்று சொல்லிக்கொடுங்கள். 'அரிப்பு' என்றாலும் சரிதான், ஆனால் வகுப்பில் சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆகும்.